கிரேன் உச்சியில் சமன் அய்யே

ஆண்டவரை நம்பி வாழும் என் அன்பு உறவுகளே, சென்ற வருடம் ஜூன் மாதத்தில் ஒரு நாள், என் நண்பர் கிரேன் உச்சியில் உயிருக்குப் போராடினார். கீழே நின்ற எனக்கு உலகமே இருண்டுபோனது.

எனக்கு வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில். வெள்ளவத்தையில் கடலோரமாக மாடிக் கட்டடம் எழுப்பும் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. பெரிய கம்பெனி என்றால் அப்படித்தான். ஒரே சைட்டில் வேலை செய்தாலும் பாதிப்பேரின் பெயர் தெரியாது. ஆனால் கிரேன் ஓட்டும் சமன் அய்யே எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி. எதைத் தூக்குவது, எங்கே இறக்குவது என்று கீழிருந்து நான் வோக்கிடோக்கியில் சொல்வேன். மேலே கூண்டுக்குள் இருந்து அவர் செய்வார். நாள் முழுக்க அவர் குரல்தான் என் காதில். சிங்களவர்; என்னோடு கதைத்துக் கதைத்தே தமிழ் பழகியவர். சிங்களத்தில் நான் அவரை 'அய்யே', அண்ணன் என்பேன்; அவர் என்னை 'மல்லி', தம்பி என்பார். என் மனைவி மீன்கறி கொடுத்துவிட்டால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

அன்று கடற்காற்று பலத்தது. கிரேன் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். கடைசிக் கம்பிக்கட்டை இறக்கி முடித்ததும் அவர் குரல் மாறியது.

"மல்லி... நெஞ்சு நோகுது. கை தூக்க ஏலாது."

மீட்புக் குழுவினர் ஏணியில் ஏறி, அவரை ஸ்ட்ரெச்சரில் கட்டினார்கள். அங்கிருந்து கட்டடத்தின் மேல்தளத்துக்குக் கயிற்றில் இறக்க வேண்டும். காற்று விடவில்லை. "இப்ப இறக்கினா ஆள் தூணில அடிபட்டுருவார்," என்றார் பாதுகாப்பு அதிகாரி. மனேஜர் என் தோளைப் பிடித்தார். "நீ அவரோட கதைச்சுக்கொண்டே இரு. உன்ட குரல்தான் அவருக்குப் பழக்கம்."

கதைத்தேன். மேலே மீட்புக் குழுவில் ஒருவர் வோக்கியை அவர் வாயருகே பிடித்திருந்தார். அவருடைய இரண்டு மகள்களைப் பற்றிக் கேட்டேன். பதில் குறைந்தது. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். வோக்கியை அழுத்தியபடியே அழுதுவிட்டேன்.

"இயேசப்பா, இவர் என்ட அண்ணன். அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் வேணும். காத்தை நிப்பாட்டுங்கப்பா."

மற்ற வோக்கிகள் வழியாக சைட் முழுக்க அது கேட்டிருக்கிறது. கொங்கிரீட் போட்டவர்கள் அப்படியே நின்றார்கள். பக்கத்தில் நின்ற மாளிகாவத்தை முஸ்லிம் வெல்டர் நானா இரு கைகளையும் ஏந்தி துஆக் கேட்டார். நம்புங்கள், காற்று இறங்கியது. மேலே இருந்து, "இப்ப இறக்கலாம்!" என்ற சத்தம் வந்தது. அவரை அம்பியூலன்ஸில் ஏற்றியபோது மறுபடி காற்றும் மழையும் கொட்டின. மனேஜர் நனைந்துகொண்டு நின்றார். அவர் கண்களும் சிவந்திருந்தன.

"இன்னும் சுணங்கியிருந்தா கஷ்டம்," என்றார் டொக்டர்.

நான் பார்க்கப் போனபோது சமன் அய்யே என் கையை விடவே இல்லை. "மல்லி, நீ கூப்பிட்ட ஆள் வந்தவர். எனக்குப் பயம் போயிட்டுது," என்றார். இப்போது சுகம். புதிய ஓட்டுநர்களைப் பழக்கும் வேலையைக் கம்பெனி அவருக்குக் கொடுத்திருக்கிறது.

முன்பெல்லாம் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று வாய்க்குள்ளேயே ஜெபிப்பேன். இப்போது வேலை தொடங்கும் முன் கூட நிற்பவர்களின் பெயரைக் கேட்டு, அவர்களுக்காக ஜெபிக்கிறேன். எத்தனையோ பெயர்கள் பழகிவிட்டன! ஆண்டவருக்கு நன்றி.

அன்பானவர்களே, அழகான வார்த்தைக்குக் காத்திருக்காதீர்கள். அழுகை வந்தால் அழுதே கேளுங்கள். அவர் வருவார்.