சாக்ஸபோன் போச்சு, மேளம் வந்தாச்சு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்து அடுப்பில் கறிக்குழம்பை வைத்திருக்கிறேன். காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் சாக்ஸபோன் வாசிக்கும் ரிச்சர்ட் அண்ணன், கையில் ஸ்வீட் பாக்ஸ்!

பிறந்தநாள் இல்லை, கிறிஸ்துமஸ் இல்லை. காரணம் சொல்லாமல் ஒருவர் ஸ்வீட் பாக்ஸை நீட்டினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். உங்களுக்கு எப்படி?

"தங்கச்சி, பெங்களூர்ல பெரிய ஹோட்டல் ஒண்ணுல டெய்லி வாசிக்கிற வேலை. என்னையும் தம்பியையும் சேத்தே கூப்பிட்டுட்டாங்க. எட்வின்கிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரேன்…"

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எட்வின் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு எட்வின் யாரென்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர். மிஷன் ஸ்கூலில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பேஸ் கிதார் வாசிப்பார். மற்ற நாட்களில் ஸ்கூல் விட்டு வந்ததும், எங்கள் மாடியில் இருக்கும் தகர ஷீட் ரூமில், 'பழங்காநத்தம் ஜங்ஷன்' என்கிற ஜாஸ் ஃபியூஷன் பேண்டின் தலைவராக மாறிவிடுவார்.

மதுரையில் ஜாஸா என்று சிரிக்காதீர்கள். எங்கள் கல்யாண வீட்டில் நானே அப்படிச் சிரித்தவள்தான். ஜாஸ் என்றால் என்ன என்று அப்போது இவரிடம் கேட்டேன். "எல்லாரும் ஒரே இடத்துல ஆரம்பிப்போம். அப்புறம் ஆளுக்கு ஒரு பக்கம் போவோம். கடைசியில ஒண்ணா வந்து சேந்துருவோம்" என்றார். எங்கள் வீட்டுக் குடும்ப டூர் மாதிரி என்று புரிந்துகொண்டேன். அதில் கடைசியில் ஒன்றாக வந்து சேர்வதுதான் நடப்பதில்லை.

அந்த பேண்டில் ரிச்சர்ட் அண்ணன் சாக்ஸபோன், அவர் தம்பி டிரம்ஸ், இவர் பேஸ், இவருடைய கொயர் தோழர் ஸ்டீபன் கீபோர்ட். கேட்க வருகிறவர்கள் எல்லோரும் சாக்ஸபோனைக் கேட்கத்தான் வருவார்கள். இது இவருக்கும் தெரியும். இப்போது சாக்ஸும் இல்லை, டிரம்ஸும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் ஒரு காலேஜ் விழாவில் வாசிக்க ஒப்புக்கொண்டாயிற்று. போஸ்டரும் அடித்துவிட்டார்கள். போஸ்டர் முழுக்க ஒரே ஒரு படம்தான். என்ன படம் என்று நினைக்கிறீர்கள்? சாக்ஸபோன்!

"பேண்டை மூடிருவோம்" என்றார் இவர். "நானும் ஸ்டீபனும் மட்டும் வாசிச்சா அதுக்குப் பேரு கொயர் பிராக்டிஸ்."

அன்று கறிக்குழம்பை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பேஸ் கிதாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து, பீரோவுக்குப் பின்னால் வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது ஹாலைவிட்டு உள்ளே போனதே இல்லை. எத்தனை முறை அதில் இடித்துக்கொண்டு திட்டியிருக்கிறேன்! அந்த மூலை காலியாக இருந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் நானில்லையே! என் ஆபீஸ் தோழியின் மகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் ஹேமாவைப் பிடித்தேன். சௌராஷ்டிரா வீட்டுப் பெண். அப்பா பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கிறார். போனில் அம்மாவோடு சௌராஷ்டிராவில் வேகமாகப் பேசிக்கொண்டே, எதிரில் இருக்கும் பிள்ளையை "அந்த ஸ்வரம் தப்பு" என்று தமிழில் அதட்டுவாள். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிற இந்தப் பெண்தான் எங்கள் பேண்டுக்குச் சரி என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

டிரம்ஸுக்கு ஆள் பிடித்தது ஸ்டீபன். வாடிப்பட்டி ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வேறு ஏதோ கல்யாணத்தின் மாப்பிள்ளை ஊர்வலம் ரோட்டை மறித்துப் போய்க்கொண்டிருக்க, வண்டியை ஓரங்கட்டிவிட்டு மேள செட்டுக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறார். தான் போக வேண்டிய கல்யாணத்தில் தாலி கட்டி, பந்தியும் முடிந்துவிட்டது. அவர் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் பாண்டி கிடைத்துவிட்டார்.

பாண்டி பகலில் செல்போன் ஷோரூமில் வேலை பார்க்கிறார். விசேஷம் வந்தால் மேள செட். மாடிக்கு வரும்போதே கூலிங் கிளாஸ். தவிலை இறக்கி வைக்கும் முன்னால் செல்ஃபி. "மதினி, டீயில சீனி தூக்கலா போடுங்க. நம்ம வாசிப்புக்குத் தெம்பு வேணும்ல" என்று முதல் நாளே உரிமையாகச் சொன்னார். மாடியில் கிடந்த பழைய டிரம்ஸில் பாதியையும், தன் தவிலையும் பம்பையையும் சேர்த்து அவரே ஒரு செட் அமைத்துக்கொண்டார்.

ஆள் கிடைத்துவிட்டது. பேண்ட் கிடைத்ததா? அதுதான் இல்லை.

ஜாஸில் நடுநடுவே ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பாண்டிக்கு அது வரவே வரவில்லை.

"பாண்டி, இந்த இடத்துல நீ சும்மா இருக்கணும்" என்றார் எட்வின்.

"சும்மாவா? நடுவுல சும்மா இருந்தா, மேளம் சாப்பிடப் போயிருச்சுன்னு பொண்ணு வீட்டுக்காரங்க தேட ஆரம்பிச்சிருவாங்கண்ணே!"

"இங்க பொண்ணு வீட்டுக்காரங்க யாரும் இல்ல, பாண்டி."

"கை கேக்க மாட்டேங்குதுண்ணே. நா என்ன செய்யட்டும்?"

இது இப்படி என்றால் ஹேமாவின் பாடு வேறு. பழைய கச்சேரி ரெக்கார்டிங்கைப் போட்டு, "ரிச்சர்ட் இந்த இடத்துல இப்படி இழுப்பாரு, இந்த இடத்துல இப்படி இறங்குவாரு" என்று இவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவளும் அப்படியே வாசித்துக்காட்டுவாள். "நல்லாத்தான் இருக்கு… ஆனா ரிச்சர்ட் மாதிரி இல்ல" என்பார். தினமும் இதே கதை. ஒரு சாயங்காலம் நான் டீத் தட்டோடு மாடி ஏறும்போது ஹேமா வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எட்வின் அண்ணே, ரிச்சர்ட் அண்ணன் வாசிப்பைத்தான் கேக்கணும்னா, அவருக்கே ஒரு போனைப் போடுங்க. போன்லயே வாசிப்பாரு. நான் எதுக்கு இங்க?"

ஸ்டீபன் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். என் கையில் தட்டு மட்டும் இல்லையென்றால் கைதட்டியிருப்பேன். வீட்டில் நான் நாசூக்காகச் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை இந்தப் பெண் நேராகப் போட்டு உடைத்துவிட்டாள்.

இவர் லேப்டாப்பை மூடினார். "சரிம்மா. நீ எப்படி வாசிப்ப? வாசி, கேப்போம்" என்றார்.

அன்றைக்குப் பிறந்ததுதான் 'பைபாஸ்' என்கிற புதுப் பாட்டு. பாண்டியின் ஊர்வல அடியை வேகம் குறைத்து எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் ஸ்டீபனின் கீபோர்ட் சர்ச் வாசனையோடு மெதுவாக வரும். ஹேமா கீழ் ஸ்தாயியில் நுழைந்து படிப்படியாக ஏறுவாள். சாக்ஸபோன் இருந்த காலத்தில் இவருடைய பேஸ் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். இதில் ஒவ்வொரு நோட்டும் காதில் விழுந்தது. கீழ்வீட்டு அம்மா சத்தம் தாங்காமல் மாடிக்கு வந்தவர், திட்ட வந்ததை மறந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் இவருக்குப் பயம் போகவில்லை. "இந்த ஒரு புரோகிராம் பாப்போம். சரியா வரலேன்னா ஆம்ப்ளிஃபயரை வித்துருவேன்" என்று என்னிடம் தீர்மானமாகச் சொன்னார். கணக்கு வாத்தியார் பேச்சு மாறமாட்டார்.

போன சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி. காலேஜ் மைதானம் நிறைய பிள்ளைகள். முன்வரிசையில் விருந்தினர்கள். அதில் எங்கள் சர்ச் பாஸ்டரும் இருந்தார், அவரும் அந்தக் காலேஜில் படித்தவர். விழாவை நடத்துகிற புரபசர் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "சார், போஸ்டர்ல சாக்ஸ் போட்டுட்டோமே… பசங்க கேப்பாங்களே" என்றார் சங்கடமாக. அவர் சொல்லி முடிக்கவில்லை, பின்னாலிருந்து ஒரு குரல்: "சாக்ஸ் எங்கண்ணே?"

முதல் பாட்டு. மரியாதைக்குக் கொஞ்சம் கைதட்டல். இரண்டாவது பாட்டில் பாதிப் பிள்ளைகள் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இவர் கழுத்து விறைத்துக்கொண்டு போவதை நான் என் நாற்காலியிலிருந்தே பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் விற்றுப்போவது என் கண்ணுக்கே தெரிந்தது.

மூன்றாவதுதான் 'பைபாஸ்'. மெதுவாக ஆரம்பித்து, மேலே ஏறி, எல்லோரும் சேர்ந்து வேகம் பிடிக்கிற நேரம்…

பாஸ்டர் எழுந்து நின்றார்.

அவ்வளவுதான். எட்வின் கை நின்றது. ஸ்டீபன் கை நின்றது. இரண்டு பேரும் வாத்தியத்தை அடக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்!

எங்கள் சர்ச்சில் பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும், பாஸ்டர் எழுந்தால் வாத்தியங்கள் அடங்கிவிட வேண்டும். ஜெபம் ஆரம்பிக்கப் போகிறது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் பழகிய பழக்கம். மூளையைக் கேட்காமலே கை நின்றுவிடும். நடுமைதானத்தில், காலேஜ் பிள்ளைகளுக்கு முன்னால், ஜாஸ் கச்சேரியில், இரண்டு பெரிய மனிதர்கள் ஜெபத்துக்குத் தயாராக நிற்கிறார்கள்.

ஆனால் பாண்டி எந்தச் சர்ச்சுக்குப் போனார்? அவர் கைக்கு நிறுத்தம் என்பதே தெரியாதே! தவில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மற்ற சத்தம் எதுவும் இல்லாததால் மைதானம் முழுக்க அந்த ஒரு அடிதான். போனைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. பாண்டி அதைப் பார்த்துவிட்டார். கூலிங் கிளாஸைக் கழற்றி ஸ்டீபனின் கீபோர்ட் மேல் வைத்தார். அப்புறம் அடித்தார் பாருங்கள், ஒரு அடி!

ஹேமா இவரை ஒரு தடவை பார்த்தாள். சிரித்தாள். வயலினைத் தூக்கினாள். ஒத்திகையில் ஒருநாளும் வாசிக்காத எதையோ வாசித்தாள். தவில் கேட்கிறது, வயலின் பதில் சொல்கிறது. வயலின் சீண்டுகிறது, பம்பை எகிறுகிறது. பிள்ளைகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள். சாக்ஸ் கேட்ட குரல் இப்போது "அக்கா, விடாதீங்கக்கா!" என்று கத்தியது.

இவர் நிமிர்ந்தார். பாஸ்டரைப் பார்த்தார். அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மைதானத்து ஓரமாக போன் பேசப் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் இவருக்கு விஷயம் புரிந்தது. முகம் சிவந்தது. அடுத்த நொடி, சரியான இடத்தில், பேஸில் ஒரு இடி இறக்கினார். ஸ்டீபனும் சேர்ந்துகொண்டார். நாலு பேரும் ஒன்றாக வந்து விழுந்த அந்த இடத்தில் மைதானமே ஓவென்று கத்தியது. நானும் கத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரின்சிபால் மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே!

அதே பாட்டை மறுபடியும் வாசிக்கவைத்துத்தான் விட்டார்கள். புரபசர் மேடைக்கு ஓடிவந்து, "சார், நடுவுல ரெண்டு பேரும் டக்குனு நிறுத்தி தலையக் குனிஞ்சீங்களே, புல்லரிச்சுப் போச்சு சார்! யாரோட ஐடியா?" என்றார்.

பொய்யே பேசாத என் வீட்டுக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "டீம் டிஸ்கஷன்ல வந்தது சார்" என்றார்.

பெங்களூரிலிருந்து வீடியோ பார்த்துவிட்டு ரிச்சர்ட் அண்ணன் போன் செய்தார். "எட்வினு, நான் இருந்தப்ப நீ இப்படி வாசிச்சதில்லையே மாப்ள" என்றார். குரலில் பொறாமை கொஞ்சம், சந்தோஷம் அதிகம். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேஸ் கிதார் மறுபடியும் ஹால் மூலைக்கு வந்துவிட்டது. நேற்றுக்கூட அதில் இடித்துக்கொண்டேன். திட்டவில்லை.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே இப்படித்தானே? மேனேஜர் எழுந்தால் பேச்சை நிறுத்துகிறோம். மாமியார் எழுந்தால் டிவியை நிறுத்துகிறோம். அவர்கள் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார்கள், போன் பேச எழுந்திருப்பார்கள். நம்மை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

கச்சேரிக்கு மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் காணிக்கைப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. பாஸ்டர் எழுந்தார். ஸ்டீபன் வழக்கம்போல அடக்கிவிட்டார். பேஸ் மட்டும் நிற்கவில்லை! நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். விரல் இடுக்கு வழியாகப் பார்த்தால், இவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். பாஸ்டர் கொஞ்சம் பார்த்தார். சிரித்தார். பிறகு பேசாமல் உட்கார்ந்துகொண்டு கால் தாளம் போட ஆரம்பித்தார்.

இவர் ஆசை தீர வாசித்து முடித்தபோது நேரம் ஓடிவிட்டதால், அன்றைக்குப் பிரசங்கம் ரொம்பச் சுருக்கம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சபையே வரிசையில் நின்று இவருக்குக் கை கொடுக்கிறது — காலேஜில்கூட அம்புட்டுப் பேர் கொடுக்கவில்லை!