பத்துத் தோட்டா குறைந்த பெட்டிகள்

எங்கள் ஊர்த் தீயணைப்புக் கூடத்துக்குக் கீழே இப்போது மடக்கு நாற்காலி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவின் இந்த ஒஹாயோக் குளிர்காலம் முழுக்க, செவ்வாய்க்கிழமை தோறும், அங்கேதான் கைத்துப்பாக்கிப் போட்டி. ஒரு கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு மறுகையை நீட்டி ஐம்பதடி தூரத்துக் காகிதத்தைச் சுட வேண்டும். வெடிமருந்து வாடையும் கருகின காப்பி வாடையும் கலந்த அந்தக் காற்றை அதற்குப் பிறகு நான் எங்கும் சுவாசித்ததில்லை.

டெல்பர்ட் யோக்கம் அங்கே என் பக்கத்து மேசைக்காரன். பள்ளிக்கூட பஸ் மெக்கானிக். வாரம் இருநூறு தோட்டா சுடுவான், அதனால் மலிவான சரக்குதான் வாங்குவான். ஆனால் அவனைப் போல மலிவு வாங்கினவனை நான் பார்த்ததில்லை. தோட்டாவும் விற்கிற மாட்டுத் தீவனக் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த ஐந்து வகையில் வகைக்கு ஒரு பெட்டி எடுப்பான். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வைத்து, ஒவ்வொன்றிலும் பத்துச் சுடுவான். காகிதத்தில் பெயரையும் லாட் நம்பரையும் எழுதி கராஜ் சுவரில் குத்துவான். எது நெருக்கமாக விழுந்ததோ, அந்த நம்பர் போட்ட பெட்டி அத்தனையையும் மறுநாள் கடையில் வழித்துக்கொண்டு வருவான்.

"பேர் ஒண்ணா இருந்தா போதாதுடா, நம்பரைப் பாரு. வேற நாள்ல செஞ்சது வேற சரக்கு" என்பான்.

தொண்ணூற்று மூன்றில் அவனுக்கு வாய்த்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கடையிலேயே மட்டமான விலை. பத்து ஓட்டையையும் ஒரு காசால் மூடிவிடலாம். அதற்குப் பக்கத்தில், ஆசைக்குச் சுட்டுப் பார்த்த தங்கநிறப் பெட்டியின் காகிதம். நாலு மடங்கு விலை. ஓட்டைகள் முட்டை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன.

"பணக்காரச் சாப்பாடு இதுக்குச் செரிக்கல" என்று துப்பாக்கியைத் தட்டிச் சிரித்தான்.

அந்தப் பிப்ரவரிக் கடைசிச் செவ்வாயன்று மாவட்ட அணிக்கு நாலாவது ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. டெல்பர்ட்டா, பள்ளிச் சமையல்காரி வாண்டா கெஸ்லரா என்பதுதான் பாக்கி. ஒன்பது வருடமாக அந்த இடத்துக்கு அவன் முட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா, இன்னிக்கும் சோப்பு விலைத் தோட்டாதானா? வழுக்கிறப் போகுது" என்றாள் வாண்டா.

"உன் சூப்பைக் குடிச்சே உயிரோட இருக்கேன். இது என்ன பண்ணும்?"

அப்போது அவன் மனைவி இர்மா படியிறங்கி வந்தாள். சத்தம் ஆகாது என்று ஒருநாளும் வராதவள், காதில் பஞ்சோடு வந்தாள். ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்றை மேசையில் வைத்தாள். தங்கநிறப் பெட்டி.

"இருக்கிறதுலயே ஒசத்தி எதுன்னு கடையில கேட்டு வாங்கினேன். போட்டி நாள்லகூடவா உனக்கு அந்தச் சாம்பல் பெட்டி?"

நான் வாயைத் திறந்தேன். டெல்பர்ட் பூட்ஸ் காலால் என் காலை மிதித்தான்.

"பிரமாதம் இர்மா" என்று சொல்லிவிட்டு, சாம்பல் பெட்டியைக் கோட்டுப் பைக்குள் தள்ளினான்.

முப்பது தோட்டா. அவன் கை ஆடவேயில்லை. இருந்தும் ஓட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தன. மூன்று புள்ளியில் தோற்றான்.

தோற்றவர் தரையில் சிதறின வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பெருக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். அவன் துடைப்பத்தை எடுத்ததும் வாண்டா கேலி பண்ண வந்தாள். காலில் மிதிபட்ட கூட்டைக் குனிந்து எடுத்து, அடியில் இருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்தாள்.

"இது உன்னோடது இல்லையே! உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு..." என்றவள், காப்பிப் பானைப் பக்கம் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டு நின்ற இர்மாவைப் பார்த்துவிட்டாள். சட்டென்று அவன் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கினாள். "தள்ளுடா. பெருக்கக்கூடத் தெரியல உனக்கு."

"அந்தப் பெட்டி மட்டும் இல்லேன்னா?" என்று இர்மா கேட்டாள்.

"இருபது பாயிண்ட்ல தோத்திருப்பேன்" என்றான்.

சொன்னது வினையாகிவிட்டது. அதன்பிறகு அவனுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தங்கநிறப் பெட்டி ஒன்று வந்தது. அடுத்த வருடம், இர்மா வராத ஒரு செவ்வாயன்று, சாம்பல் பெட்டியோடு போய் அணியில் இடம் பிடித்தான். எல்லாம் தன் பெட்டியின் மகிமை என்று இர்மா தேவாலயத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

டெல்பர்ட் செத்த பிறகு கராஜை ஒழிக்க என்னையும் வாண்டாவையும் இர்மா கூப்பிட்டாள். அலமாரியில் பதினோரு தங்கநிறப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சரியாகப் பத்துக் குறைந்திருந்தது. எதிர்ச் சுவரில் அதே பெட்டியின் பெயரும் வருடமும் எழுதிய பதினோரு காகிதங்கள், எல்லாமே முட்டை அகலம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இப்போதாவது செரிக்கிறதா என்று அந்தத் துப்பாக்கியை மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கிறான் மனுஷன்.

"பாத்தீங்களா, பத்துப் பத்தாத்தான் எடுத்திருக்காரு. மீதிய எவ்வளவு பத்திரமா வெச்சிருக்காரு" என்றாள் இர்மா.

"ஆமா இர்மா, நல்ல சரக்க அவன் வீணாக்கவே மாட்டான்" என்றாள் வாண்டா. சொல்லிக்கொண்டே நகர்ந்து, தன் பெரிய உடம்பால் சுவரை மறைத்து நின்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் போய், காகிதங்களைக் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.