நானூற்றைம்பதில் ஓடிய கம்ப்யூட்டர்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மண் சரிந்து, தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் கடைசி மூன்று காம்பரா அறைகளை இழுத்துக்கொண்டு போனபோது, விஜயலெட்சுமி பதுளை டவுனில் ஸலீமின் கடையில் ஒரு பிரின்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தொண்ணூற்றொன்பது டிசம்பர். பஸ் பசறையோடு நின்றுவிட்டதால், மிச்சத்தை நடந்தே ஏறி அவள் போய்ச் சேர மறுநாள் பகலாகிவிட்டது. அக்கா பெரியாயியையும் நாலு வயதுத் தர்மிளாவையும் அதற்குள் எடுத்துக் கிடத்திப் பாயால் மூடியிருந்தார்கள். யாரோ பாயை விலக்கப் போனபோது வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு அதற்காகத் தன்னையே பல நாள் ஏசிக்கொண்டாள்.

தர்மிளா அவள் பெற்ற மகள். கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். கொழுந்து பறிக்க மனமில்லாமல், ஒரு வயதுப் பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு டவுனுக்கு வந்தாள். அக்காவுக்குப் பிள்ளையில்லை. ஸலீம் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தவர்; அப்போதுதான் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி விற்கத் தொடங்கியிருந்தார். டைப் அடிக்கச் சேர்ந்து, அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட விஜயலெட்சுமி ஒரு வருடத்துக்குள் மெஷின்களைத் திறந்து பூட்டப் பழகிவிட்டாள். மாதத்துக்கு ஒரு தரம் தோட்டத்துக்குப் போவாள். "அம்மா வந்திருக்கு, போ, கிட்ட போ" என்று பெரியாயி பிள்ளையைத் தள்ளிவிடுவாள். பிள்ளை பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடும்.

காம்பராவோடு படங்களும் போய்விட்டன. ஒரு வருடம் கழிந்ததும் தர்மிளாவின் முகம் அவளுக்குத் துண்டுதுண்டாகத்தான் ஞாபகம் வந்தது. மூக்கு வந்தால் கண் வரவில்லை. இதை யாரிடமும் சொல்லக் கூசினாள்.

இரண்டாயிரத்தொன்றில் வெலிமடையிலிருந்து மாமா ஒரு வீடியோ கசட்டைக் கொடுத்தனுப்பினார். மாமா மகனின் கலியாணம். மண் சரிவதற்கு மூன்று மாதம் முந்தியது. அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கலியாணத்துக்குப் போயிருந்தாள். விஜயலெட்சுமி போகவில்லை. அன்றைக்குக் கடைக்கு மெஷின்கள் வந்திறங்கின. அவள் லீவு கேட்கவேயில்லை.

மலைநாட்டு ஈரத்தில் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. பஜாரில் வீடியோ கடை வைத்திருந்த றவூப் அதைத் துடைத்துக் கொடுத்து, "ரெண்டு தரம் ஓட்டலாம். மூணாந்தரம் அறுந்தா என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

அறுவதற்குள் அதைக் கம்ப்யூட்டருக்குள் பதிந்துவிட நினைத்தாள். கடையில் வீடியோவைப் பதிய வழியிருந்தது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான். அதன் புரோசசர் முந்நூறு மெகாஹேர்ட்ஸ். மெஷினுக்குப் பளு குறையட்டும் என்று படத்தைத் திரையில் காட்டாமல், ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டு விஜயலெட்சுமி முதல் தரம் ஓட்டினாள். பதிந்து முடிந்ததைப் போட்டுப் பார்த்தபோது படம் விக்கி விக்கி நகர்ந்தது. மெஷினின் வேகம் போதாமல் மூன்றில் ஒரு பங்கு படங்கள் பதியாமல் விழுந்துபோயிருந்தன. சிவப்புச் சட்டையில் ஒரு பிள்ளை கையைத் தூக்குகிறது. அடுத்த நொடி அங்கே பிள்ளையே இல்லை. சத்தம் சல்லடையாக வந்தது.

"கொழும்புக்கு அனுப்புவமே, லெச்சுமி. அங்க புது மெஷின் இருக்கு" என்றார் ஸலீம்.

"பஸ்ல போயி பஸ்ல வரணும் நானா. வழியில காணாமப் போனா?"

"அப்ப என்ன செய்யப் போற?"

"இதையே வேகமா ஓட வைக்கப் போறேன்."

ஸலீம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் ஒரு தரம் அப்படிச் செய்யப் போய் ஒரு போர்டையே கருக்கியவர்.

"வோல்டேஜ ஏத்தாத. அத மட்டும் செய்யாத."

"ஏத்த மாட்டேன் நானா. மெஷின் போனாக்கூட மெஷினோட போகட்டும். எல்லாம் சரியாகுற வரைக்கும் கசட்ட வெளிய எடுக்க மாட்டேன்."

அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போர்டோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தாள். புரோசசர் தானாக ஓடுவதில்லை. போர்டு அடிக்கும் தாளத்துக்கு நாலரை மடங்கில் ஓடுகிறது. தாளம் அறுபத்தாறு. அதை நூறாக்கினால் முந்நூறு நானூற்றைம்பதாகும். இடையில் எழுபத்தைந்தும் எண்பத்து மூன்றும் உண்டு. ஆனால் அந்த இரண்டிலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் தாளமும் சேர்ந்து ஏறிவிடும், எழுதியதெல்லாம் பாழாகலாம் என்று தெரிந்தது. நூறில் அது பழைய அளவுக்கே வந்துவிடும். ஆகவே நடுவில் எங்கும் நிற்பதில்லை என்று முடிவுசெய்தாள்.

முதலில் கடைக் கணக்கு, வாடிக்கையாளர் கடிதம் எல்லாவற்றையும் வேறு மெஷினுக்கு மாற்றினாள். போய்த் தொலைந்தால் பரவாயில்லை என்ற ஒரு டிஸ்க்கைப் பூட்டினாள். மெமரி நூறைத் தாங்குமா என்று அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டை வாசித்துப் பார்த்தாள். பிறகு போர்டில் தாளத்தை மாற்றும் சின்னஞ்சிறு செருகியை ஒரு பல் தள்ளி மாட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

மின்விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. உடனே அணைத்துச் செருகியைப் பழைய இடத்துக்கு மாற்றினாள். மெஷின் எழும்பியது.

மறுநாள் புரோசசரின் மேலிருந்த அலுமினியக் கட்டையைக் கழற்றினாள். அடியில் இருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சுரண்டித் துடைத்து, புதுப் பசையை அரிசியளவு வைத்து, பெரிய விசிறியொன்றை மாட்டினாள். மெமரியை வேறு துவாரத்தில் அழுத்திப் பூட்டினாள். இந்த முறை திரையில் 450 என்று எழுத்து வந்தது. இருபது நிமிடம் ஓடி உறைந்து நின்றது. சூடு ஐம்பத்தெட்டு. பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, கடையின் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். நாற்பத்து நாலுக்கு இறங்கியது. பதுளைக் குளிரும் கொஞ்சம் உதவியிருக்கும்.

அவசரப்படவில்லை. கடினமான கணக்கொன்றைக் கொடுத்துக் காலையில் கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை ஓடவிட்டாள். மூன்று நாள் தவறில்லாமல் ஓடியது. றவூப்பின் கடையிலிருந்து பழைய கசட் நாலைந்து வாங்கிவந்து பதிந்து பார்த்தாள். ஒரு படமும் விழவில்லை.

பௌர்ணமி விடுமுறைக்குக் கடை பூட்டியிருந்த ஒரு போயா நாள் பகலில் கலியாணக் கசட்டைப் போட்டாள். படத்தையும் சத்தத்தையும் இந்த முறையும் அணைத்தே வைத்திருந்தாள். ஐம்பது நிமிடமும் விழுந்த படங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சியத்திலேயே நின்றது. முடிவை நெருங்கையில் நாடா கசங்கிச் சிக்கி அறுந்தது. அதற்குள் வேண்டியதெல்லாம் உள்ளே வந்துவிட்டது.

பிறகு பார்த்தாள்.

சிவப்புச் சட்டையில் தர்மிளா. கண், மூக்கு, முன்பல் உடைந்த இடம், எல்லாம் ஒரே முகத்தில் இருந்தன. வீடியோக்காரனின் விளக்கு பட்டதும் பயந்து கையைத் தூக்கிக் கண்ணை மறைக்கிறது. அழுகை முட்டத் திரும்பி ஓடுகிறது.

"அம்மா," என்று கத்துகிறது. "அம்மா, தூக்கு."

பெரியாயி பந்தியிலிருந்து எழும்பி, "இந்தா, அம்மா இங்கதானே இருக்கேன்" என்று வாரியெடுத்து இடுப்பில் வைக்கிறாள். பிள்ளை அவள் தோளில் முகத்தைப் புதைக்கிறது. அவ்வளவு பேர் நிற்க, பெரியாயி ஒருவரையும் பார்த்துக் கூசவில்லை. அது தினமும் நடக்கிற பேச்சு.

விஜயலெட்சுமி அந்த இடத்தை மறுபடியும் ஓட்டினாள். பெரியம்மா என்று சொல்லியிருக்குமோ என்று கேட்டுப் பார்த்தாள். இல்லை. சத்தம் தெளிவாக இருந்தது.

மறுநாள் ஸலீம் கேட்டார். "சரியா வந்திச்சா?"

"ஒண்ணும் விழல நானா."

"பிள்ளை தெரியுதா?"

"தெரியுது."

அவள் மெஷினைத் திறந்து செருகியை அறுபத்தாறுக்கே மாற்றினாள். ஓடுகிறதை ஏன் குறைக்கிறாய் என்று ஸலீம் கேட்டதற்கு, இனி வேலையில்லை என்றாள். ஒரு சீடியை மாமாவுக்கு அனுப்பினாள். மாமி தந்தி அலுவலகத்துப் பக்கத்துக் கடையிலிருந்து போன் எடுத்து அழுதாள். தொடர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். பிள்ளை யாரை அம்மா என்றது என்பது மாமிக்கு முதலிலிருந்தே தெரியும் என்று விஜயலெட்சுமிக்கு அப்போது விளங்கியது.

அதன் பிறகு ஏழு வருடம் அந்தக் கடையிலேயே இருந்தாள். ஸலீம் நோயில் படுத்தபின் கடையை அவள்தான் நடத்தினாள். மறுபடி கலியாணம் பேசி வந்தவர்களை மரியாதையாக அனுப்பிவைத்தாள். வீடியோவிலிருந்து ஒரு படத்தைப் பிரின்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள்: பெரியாயியின் இடுப்பில் பிள்ளை, முகம் பாதிதான் தெரியும். முழு முகம் தெரிகிற படங்கள் எத்தனையோ இருந்தும் அதைத்தான் வைத்தாள்.

கம்ப்யூட்டர் திருத்த வருகிறவர்கள் சில நேரம் குனிந்து பார்த்து யாரென்று கேட்பார்கள்.

"எங்க அக்காவும் அவங்க மகளும்" என்பாள். "ரெண்டு பேரும் இப்ப இல்லீங்க. உங்க மெஷின்ல என்ன கோளாறுன்னு சொல்லுங்க."