சந்தனம் பூசிய வால்வு

“ஏழாவது வரைக்கும் இங்கிலீஷ் படிச்சுட்டா, பெட்டிக்குள்ள பேசுறவன் யாருன்னு தெரிஞ்சிடுமா லா, பாப்பா?”

மலாக்கா டவுனில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் என் முதலாளி இப்படிக் கேட்டபோது, திறந்து போட்ட ஒலிபெருக்கிப் பெட்டியோடு அவரே திண்டாடிக்கொண்டிருந்தார். ஆயர் குரோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கடையில் கடிதம் எழுதும் வேலை. பெட்டியோடு வந்த ஆங்கில விளக்கத்தை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னதும் நான்தான். பெட்டியைத் தொட மட்டும் அனுமதியில்லை.

ஆயுத பூசைக்கு மறுநாள் அது. முந்தின நாள் பூசை வரைக்கும் கணீரென்று முழங்கிய பெட்டி, காலையில் முனகியது. சத்தம் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பினால் இரைச்சல்தான் கூடியது. மாலையில் எங்கள் தோட்டத்தில் கள்ளுக்கடையை எதிர்த்துக் கூட்டம். முதல் தடவையாக என் அம்மா பேசுவதாக இருந்தார். பெட்டியை எடுத்துப்போக வந்த தோட்டத்துக் கங்காணி, “என்னா முதலாளி, ஒங்க பெட்டியே கள்ளு குடிச்ச மாதிரில்ல முனகுது?” என்றார்.

முதலாளி கூம்பு ஹார்னை மாற்றினார். மைக்கை மாற்றினார். கடைசியில் பல்பு மாதிரி ஒளிரும் பெரிய கண்ணாடி வால்வுகளையும் மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னசைவை முதல் வால்வு கொஞ்சம் பெரிதாக்கும், அடுத்தது இன்னும் கொஞ்சம், பெரிய வால்வுகள் ஹார்னையே அதிரவைக்கும். அவ்வளவுதான் பெட்டி. வழியில் எங்கே தேய்கிறது என்று பார்க்காமல் கைக்கு வந்ததையெல்லாம் மாற்றினால்?

“பின்னாலேருந்து ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வரலாம், முதலாளி.”

“நீ போயி லெட்டர் எழுது.”

“பிள்ள கேக்குதில்ல, பாக்கட்டுமே லா” என்றார் கங்காணி. “கெட்டதுல இன்னும் என்னா கெடப்போவுது?”

எந்த முனையைத் தொடலாம், எது தூக்கி அடிக்கும் என்பதை ஆங்கில விளக்கத்திலிருந்த படத்தில் பார்த்துக்கொண்டு திருப்புளி நுனியை வைத்தேன். பெரிய வால்வின் நுழைவு முனையில் வைத்ததும் ஹார்ன் உறுமியது; உறுமினால் அங்கிருந்து ஹார்ன் வரை வழி சரி. நடு வால்வில் வைத்தபோது இன்னும் பலமாக உறுமியது. முதல் வால்வில் ஈனமாக ஒரு முனகல். அதன் உச்சியிலிருந்த நுழைவு முனையைப் பார்த்தேன். பூசையில் முதலாளி வைத்த சந்தனம், பன்னீரோடு வழிந்து, முனையையும் சுற்றியிருந்த தகரக் கூட்டையும் ஈரமாக இணைத்திருந்தது. மைக்கின் குரல் வால்வுக்குள் போகாமல் அந்த ஈரத்தின் வழியே கூட்டில் கசிந்துகொண்டிருந்தது. பெட்டியை அணைத்துவிட்டுத் துடைத்தேன். மறுபடி போட்டதும் கங்காணி மைக்கில் கனைத்த கனைப்பில் தெருவே திரும்பியது.

முதலாளி முகம் சுருங்கியது. “சாமிக்கு வெச்சத அழிச்சிட்டியே! பெரிய வால்வு சூடேற நேரமாச்சு, அதான் இப்பப் பேசுது.” சொல்லிக்கொண்டே, என் கண்ணெதிரே, ஈரச் சந்தனத்தை அதே உச்சியில் மறுபடி அப்பினார். வேண்டாமென்று நான் கத்தியது அவர் காதில் விழவே இல்லை.

மாலையில் அம்மா மைக் முன்னால் நின்றபோது பெட்டி முனகியது. கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துவிட்டு அம்மா உட்கார்ந்துவிட்டார். “தோட்டத்துக் கரண்டு சரியில்ல” என்றார் முதலாளி. இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

போன வாரம் வேலையை விட்டேன். கிளேபாங்கிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பழைய பெட்டியை வாங்கி, பின்னாலிருந்து ஒவ்வொரு வால்வாகச் சோதித்து முடித்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு மைக் செட் என்னுடையது என்று கங்காணியிடம் சொல்லியாகிவிட்டது. முதலில் பேசப்போவது யார் என்பதையும்.