பதினாறும் ஒரே சமயத்தில்

பட்டறையில் எல்லோருக்கும் அவள் டெஸ்ட்டக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் அக்காதான். அவள் கையெழுத்தில்லாமல் அங்கிருந்து ஒரு பலகைகூட வெளியே போனதில்லை. வினை என்னவோ கையெழுத்தோடு போனவற்றால்தான் வந்தது.

பலகை என்றால் எச்சரிக்கைப் பலகை. குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியா கசிந்தால், கசிகிற அறைக்கான சிவப்பு எல்.இ.டி. எரியும், சங்கு ஊதும். விளக்கு அணைந்தால் வாயு போய்விட்டது, உள்ளே போகலாம் என்று அர்த்தம். பதினாறு அறை, பதினாறு விளக்கு, ஒரு சங்கு. அத்தனையையும் ஆட்டிவைப்பது நகத்தளவு ஒரு சிப்.

அவள் வேலை எளிது. பலகையைச் சோதனை மேசையில் பொருத்தி, பதினாறு பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்துவாள். எரிந்தால் ஒரு டிக். பதினாறு டிக் விழுந்ததும் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போடுவாள். எட்டு வருடமாக இதே வேலை.

முன்பு ஒவ்வொரு விளக்கும் பத்து மில்லி ஆம்பியர்தான் தின்றது. வெளிச்சம் போதவில்லை என்று வாங்கியவர்கள் முனகினார்கள். முதலாளி மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரைச் சிறிதாக மாற்றி இருபதாக்கினார். சிப்பின் ஒரு காலுக்கு, அதாவது ஒரு விளக்குக்கு, இருபது தாங்கும் என்று அதைச் செய்தவர்களே தாளில் எழுதியிருந்தார்கள். எல்லாக் காலும் சேர்ந்து இருநூறைத் தாண்டக்கூடாது என்று அடுத்த வரியிலேயே எழுதியும் இருந்தார்கள். பதினாறும் சேர்ந்தால் முந்நூற்றிருபது. முதலாளி படித்தவர். முதல் வரி வரைக்கும்.

ஒரு மத்தியானம் மேசையைத் துடைத்தபோது அவள் முழங்கை பொத்தான் வரிசை முழுக்கச் சாய்ந்தது. பதினாறு விளக்கும் தீப்பிடித்த மாதிரி எரிந்தன. இருபது வரை எண்ணியிருப்பாள், எல்லாம் அணைந்தன, சங்கும் வாயை மூடிக்கொண்டது. சிப்பைத் தொட்டவள் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். வேறொரு பலகையை எடுத்து, அடிஸ்கேலைக் குறுக்கே வைத்து அழுத்திப் பார்த்தாள். அதே கதி.

"சார், எல்லாம் சேர்ந்து எரிஞ்சா செத்துடுது."

முதலாளி தலையைத் தூக்கவில்லை. "பதினாறு ரூம்லயும் ஒரே நேரத்துல கேஸ் வந்தா, வெளக்கப் பாக்க எவன்க்கா மிச்சம் இருப்பான்?"

"அதுக்குத்தானே சார் வெளக்கு மாட்டறதே?"

"சரி, அடுத்த லாட்ல வெளக்குக்கு ஒரு டிரான்சிஸ்டர் போட்டுடலாம். சிப்பு உத்தரவு மட்டும் குடுக்கட்டும், சுமைய அது தூக்கட்டும். போதுமா?"

"ரெசிஸ்டர் மாத்தி வெளிய போன பதினொண்ணு?"

"கம்ப்ளெயின்ட் வந்துச்சா? வரலேல்ல? நீங்களா போய்ப் பத்த வெக்காதீங்க. சீட்டுல இருக்கறது உங்க கையெழுத்து, என்னோடது இல்ல."

எல்லோரும் சாகிற நாளில் மட்டும் கெடுகிற பொருளைப் பற்றிப் புகார் சொல்ல ஆள் வராதுதான். அந்த வகையில் அது குறையே இல்லாத சரக்கு.

பதினொன்றில் ஒன்று அவள் கணவர் பெட்டி ஏற்றி இறக்கும் கிடங்கில் மாட்டியிருந்தது. அன்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "எல்லா வெளக்கும் ஒண்ணா எரிஞ்சு அணைஞ்சா, கேஸ் போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. பலகைதான் போயிருக்கும். திரும்பிப் பாக்காம ஓடுங்க."

"மத்தவனுங்க?"

"வாயத் தொறக்காதீங்க. என் வேலை போயிடும்."

அவர் தலையாட்டினார். பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவர் என்று கிடங்கில் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

ஏழு மாதம் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, அந்தக் கிடங்கில் பதினாறு அறைக்கும் பொதுவான நடைபாதையில் போகிற பெரிய அம்மோனியாக் குழாய் வெடித்தது. பதினாறு விளக்கும் எரிந்தன. எல்லோரும் வெளியே ஓடி வந்து, வெளிச்சுவரில் பலகை தெரிகிற இடத்தில் நின்றார்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் அங்கே நெடி இல்லை. அரை நிமிடத்தில் பலகை இருண்டு அமைதியானது. மேஸ்திரி, "அணைஞ்சிடுச்சுப்பா, வாங்க, கதவச் சாத்துவோம், சரக்கு கெட்டுடும்" என்றார்.

"போகாதீங்க!" என்று கத்தினார் கணவர்.

அவரோடு பெட்டி ஏற்றுகிற பக்கத்து வீட்டுப் பையன், புதிதாகக் கல்யாணமானவன், திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "ஏன் மாமா? அதான் அணைஞ்சிடுச்சே?"

ஏன் என்பதற்கு அவரிடம் பதில் இருந்தது. அவர் வாசல் கேட்டைப் பார்த்து ஓடினார். மேஸ்திரியும் பையனும் உள்ளே போனார்கள். இரண்டு பேரையும் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவர முடிந்தது.

விசாரணைக்குப் பட்டறை ஆட்களையும் கிடங்கு ஆட்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். பலகை எப்படிச் செத்தது என்று விசாரணை அதிகாரிக்குத் தெரியவில்லை. வாயு பட்டுக் கெட்டிருக்கும் என்றார் முதலாளி.

அதிகாரி கணவரிடம் கேட்டார்: "வெளக்கு அணைஞ்சதும் மேஸ்திரி உள்ள போகச் சொன்னாரு. நீங்க மட்டும் ஏன் வெளிய ஓடுனீங்க?"

"பயம் சார்."

"பயந்தாங்கொள்ளியா?"

"ஆமா சார்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். மிச்சப் பத்துப் பலகைகளும் பத்துச் சுவர்களில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

டெஸ்ட்டக்கா எழுந்தாள். "அவரு பயந்தாங்கொள்ளி இல்ல சார். நான்தான் ஓடச் சொல்லி வெச்சேன். எனக்கு முன்னாடியே தெரியும்."

பத்தும் ஒரே வாரத்தில் கழற்றப்பட்டன. சீட்டை நம்பித்தான் விற்றேன் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். சீட்டில் அவர் பெயர் இல்லாததால் அறிக்கையிலும் முதல் பெயர் அவளுடையதாயிற்று. வேலை அன்றைக்கே போனது. வழக்கு வரும் என்றார்கள்.

பக்கத்து வீட்டுக்கு அவள் பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் போனாள். பையனின் மனைவி கதவுக்குள்ளேயே நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"எப்போலேந்து தெரியும்க்கா?"

"ஏழு மாசமா."

அந்தப் பெண் விரல் மடக்கி எண்ணினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

"அவரு அங்க வேலைக்குச் சேந்தே அஞ்சு மாசம்தான்க்கா" என்றாள்.