மறைத்து வைத்த கால்கள்

வெள்ளவத்தையில் சர்க்கிட் போர்ட் வரைகிற எங்கள் அலுவலகத்தில் அவர்தான் படங்களைச் சரிபார்ப்பவர். எல்லோருக்கும் அவர் மிஸ். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார். மெலிந்த உடம்பு, கழுத்தில் அந்தோனியார் பதக்கம், கயிற்றில் தொங்கும் கண்ணாடி.

எந்தச் சிப்பின் படத்தைக் கொடுத்தாலும், அதில் மறைத்து வைத்திருக்கும் மின்சாரக் கால்களை, அதாவது சிப் மின்சாரம் வாங்கும் முனைகளை, முதலில் வெளியே காட்டிவிட்டு, பெயரோடு வோல்ட்டையும் எழுதுவார். எங்களிடம் எல்லாச் சிப்புக்கும் அந்தக் காலின் பெயர் விசிசிதான், மூன்று வோல்ட்டோ ஐந்து வோல்ட்டோ. மறைந்த கால், அதே பெயருள்ள கம்பியோடு சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். எத்தனை வோல்ட் என்று பார்க்காது.

மனேஜருக்கு அது பிடிக்கவில்லை.

"மிஸ், கஸ்டமர் பாக்கிற படம். வடிவா இருக்கோணும். மறையுங்கோ."

"மறைக்கிறன் சேர். எரிஞ்சா என்னைக் கேக்கக் கூடாது."

"அதெல்லாம் எரியாது."

எரிந்தது. மூன்று வோல்ட் சிப்பின் மறைந்த கால், ஐந்து வோல்ட் இருந்த விசிசிக் கம்பியில் போய்ச் சேர்ந்திருந்தது.

"இதைச் செக் பண்ணினது ஆர்?" கூட்டத்தில் மனேஜர் கேட்டார். நாங்கள் மேசையைப் பார்த்தோம்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான் சேர். நீங்கள் மறைக்கச் சொன்னதெல்லாம் ஒழுங்கா மறைஞ்சிருக்கோ எண்டும் பாத்தனான்."

அடுத்த மாதம் மிஸ்ஸுக்கு வேலை இல்லை. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு மனேஜரே வகுப்பெடுக்கிறார். மின்சாரக் காலை ஒருநாளும் மறைக்கக் கூடாதாம். பட்டுத் தெளிந்த பாடமாம். பாவி, சொல்லும்போது குரல்கூடத் தழுதழுக்கிறது.