ஆறு மணி நட்டம்

விடிய ஆறு மணி பஸ்ஸை நிற்பாட்டப் போகிறார்கள் என்ற கதை எங்கள் ஊர் சுருவிலுக்கு வந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கிழமையில் இரண்டு நாள் என் மனுசனுக்கு யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே ஒரு சதக் காசும் வாங்குவதில்லை. ஆனால் போய்ச் சேர வேண்டுமே! அடுத்த பஸ்ஸில் போனால் எங்கள் முறை தவறிவிடும். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் வாடகைக்கு வான் பிடிப்பார்கள். எங்களுக்கு அது கட்டாது.

வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். பஸ் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி இளம் ஆள், மரியாதையான ஆள்.

“வரவு செலவுத் திட்டத்தில செலவைக் குறைக்கச் சொல்லியிருக்கினம். இந்த பஸ் ஓடுறது நட்டம்,” என்றார்.

அந்த நேரம் பார்த்து, காலில் தோட்டத்து மண்ணோடு பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்தார். அவருக்குக் கேட்டது கடைசிச் சொல் மட்டும்தான்.

“ஓம் தம்பி, நட்டம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுசிக்கு விசரோ, அதிகாரிக்கு ஒத்து ஊதுகிறாவே!

அக்கா விடவில்லை. “கத்தரியும் நட்டம், மிளகாயும் நட்டம். உவர்த் தண்ணி ஊர், நல்ல தண்ணியைக் குடத்தில சுமந்து ஊத்தி நட்டம். இப்ப காய்க்குது. விடிய பஸ்ஸில ஏத்தினாத்தானே சந்தைக்குப் போகும்?”

எங்கள் பேச்சில் நட்டோம் என்பதும் நட்டம்தான். வாசிகசாலையே விழுந்து விழுந்து சிரித்தது. “என்ன பல்லைக் காட்டிறியள்?” என்று அக்கா முறைத்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்கும் வாய் வந்தது. எழும்பினேன்.

“தம்பி, நீங்கள் படிச்சது அரசாங்கப் பள்ளிக்கூடமோ?”

“ஓம்,” என்றார்.

“அது லாபம் உழைச்சதோ? இல்லைத்தானே. அதையும் ஆரோ நட்டதாலதான் இண்டைக்கு நீங்கள் பைலோட வந்து நிக்கிறியள். இந்த பஸ் நட்டமெண்டு எழுதுங்கோ. பக்கத்தில, என்ர மனுசன் உயிரோட இருக்கிறார் எண்டும் எழுதுங்கோ.”

சொல்லி முடிக்க முதல் அழுதும் தொலைத்தேன். அவர் குனிந்து ஏதோ எழுதினார். என்ன எழுதினாரோ தெரியாது, பஸ் இன்றுவரை நிற்கவில்லை.

ஆனால் இப்போது அதை ஆறு மணி பஸ் என்று ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. “நட்டம் போயிட்டுதோ?” என்றுதான் சந்தியில் கேட்கிறார்கள். சாரதிக்கு முதலில் கோபம். பிறகு அவரே, “நட்டம் வந்திட்டுது, ஏறுங்கோ!” என்று கத்தத் தொடங்கிவிட்டார்.

இன்றும் போனோம். காலடியில் அக்காவின் கத்தரிக்காய் மூட்டை, யன்னல் பக்கம் என் மனுசன். வழியில் அல்லைப்பிட்டி தாண்ட முதலே அவர் என் தோளில் நித்திரை. எனக்கு நிறைந்த சந்தோசம்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“வாற கிழமையும் நட்டத்தில வருவமோ?”

“ஓம், வருவம்,” என்றேன்.